மூடிய கதவுக்கு உள்ளே

தேவதானப்பட்டி மூங்கிலணைக் காமாட்சியம்மன் சந்நிதிக்குச் சென்று வந்தவர்களுக்கு ஒரு விசேஷம் தெரிந்திருக்கும். அங்கே கர்ப்பக்கிருகத்தின் கதவு திறக்கப்படுவதே இல்லை. மஞ்சளாற்றங்கரையில் உள்ள அந்தக் கோயிலில் பூஜையும் தீபாராதனையும் மூடிய கதவுக்கே நடைபெறுகின்றன. மகா சிவராத்திரி உற்சவத்தின்போது தேனி ஜில்லாவிலிருந்து மட்டுமல்ல, திண்டுக்கல், மதுரைச் சீமைகளிலிருந்தும் ஜனங்கள் திரள் திரளாக வருகிறார்கள். கதவைப் பார்த்துக் கைகூப்புகிறார்கள். மனம் நிறைந்து திரும்புகிறார்கள். "உள்ளே என்ன இருக்கிறது?" என்று ஒருவரும் கேட்பதில்லை. அம்பாள் இருக்கிறாள், அது போதும்.

கோயிலுக்கு அது பொருத்தந்தான். ஆனால் இந்தக் காலத்தில் நம் ஜனங்கள் கைகூப்பிக்கொண்டு நிற்கும் மூடிய கதவு இன்னொன்று இருக்கிறது. அதன் நெற்றியில் "தீவிர சிகிச்சைப் பிரிவு" என்று எழுதியிருக்கும். அப்படிச் சொன்னால் பலருக்கு விளங்காது, "ஐ.சி.யு." என்றால் பாட்டிமார்களுக்குக்கூட விளங்கிவிடும். அந்தக் கதவுக்கு வெளியே சிமெண்டுத் தரையில் பாயை விரித்துக்கொண்டு, தூக்குப் பாத்திரமும் துண்டுமாக இரவு பகல் காத்திருப்பவர்களை நாம் எல்லா ஊர்களிலும் பார்த்திருக்கிறோம். நாமே ஒரு தடவை அப்படிக் காத்திருந்ததும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறோம். அந்தக் கதவுக்கு உள்ளே என்ன நடக்கிறது, யார் யார் இருக்கிறார்கள், ஓர் உயிர் அங்கே எவ்விதம் காப்பாற்றப்படுகிறது என்பதை மட்டும் நேயர்கள் கட்டாயம் கேட்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வைகாசி மாதம். கோடை மழை ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்த இரவு. தேவதானப்பட்டிக்கு மேற்கே மலையடிவாரத்து மாந்தோப்பு ஒன்றில் காவலுக்குப் படுத்திருக்கிறார் ஒரு மனிதர். காய் இறக்கும் காலம். ஆகையால் தோப்பை விட்டுப் போக முடியாது. தரையில் சாக்கை விரித்துப் படுத்தவர், நடு இரவில் எறும்பு கடித்தாற்போல் ஏதோ உணர்ந்து, புரண்டு படுத்துத் தூங்கிவிடுகிறார். விடியற்காலையில் வயிற்று வலி. "நேற்றுத் தின்ற கறி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது" என்று நினைக்கிறார். சற்று நேரத்தில் கண் இமைகள் தாமாகவே மூடிக்கொள்கின்றன. வீட்டுக்காரி கஞ்சி கொடுக்கிறாள், விழுங்க முடியவில்லை. பேச்சுக் குழறுகிறது.

கடித்தது கட்டுவிரியன். நம் நாட்டில் அதிக உயிர்களைக் குடிக்கும் நான்கு பாம்புகளில் இதுவும் ஒன்று. மற்றவை நாகம், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கட்டுவிரியனின் கடியில் வலி மிகக் குறைவு. வீக்கமும் இராது. பல் பட்ட அடையாளத்தைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். அதன் விஷம் நரம்பு முனைகளைத் தாக்குகிறது. மூளையின் உத்தரவு தசைக்குப் போய்ச் சேருவதில்லை. முதலில் இமை, பிறகு தொண்டை, அதற்குப் பிறகு கை கால், கடைசியில் மூச்சு இழுக்கும் தசைகள் என்று ஒவ்வொன்றாக வேலையை நிறுத்துகின்றன. இதயம் மட்டும் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும்.

2008-ஆம் வருஷத்திலிருந்து தமிழ் நாட்டில் ஓடிக்கொண்டிருக்கும் 108 வண்டி வருகிறது. பெரியகுளம் அரசாங்க ஆஸ்பத்திரியில் விஷ முறிவு மருந்தை இரத்தக் குழாயில் ஏற்றுகிறார்கள். அந்த மருந்தின் சரித்திரமே ஒரு கூட்டு முயற்சிதான். செங்கற்பட்டுச் சீமையில், மாமல்லபுரத்துக்கு அருகே உள்ள வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில், இருளர் குலத்தவர் பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து மருந்து தயாரிக்கிறார்கள். இருளர் இருவருக்கு, மாசி சடையன், வடிவேல் கோபால் என்பவர்களுக்கு, 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ரொம்பவும் தாமதமான மரியாதை.

ஆனால் கட்டுவிரியன் விஷயத்தில் ஒரு தொல்லை. நரம்பு முனையைச் சிதைத்துவிட்ட விஷத்தை மருந்து திரும்ப எடுத்துவிடாது. நரம்பு தானாகவே மீண்டும் தளிர்க்க வேண்டும். அதற்குச் சில நாட்கள், சில சமயம் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். அதுவரையில் அந்த மனிதருக்காக வேறு யாராவது மூச்சு விட வேண்டும். ஆகையால் தொண்டையில் குழாயைச் செருகி, ரப்பர்ப் பையை அமுக்கிக்கொண்டே, தேனிக்குக் கிழக்கே க.விலக்கில் உள்ள அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள். அங்கேதான் நாம் சொன்ன கதவு இருக்கிறது. கதவு திறக்கிறது, படுக்கை உள்ளே போகிறது, கதவு மூடுகிறது. அந்த மனிதரின் வீட்டுக்காரி வெளியே நிற்கிறாள்.

இந்த இடத்தில் நம் மனத்தில் உடனே எழும் கேள்வி ஒன்று: "உள்ளே பெரிய டாக்டர் யார்? கைராசிக்காரரா?"

தமிழர்களாகிய நமக்குக் கைராசியில் நம்பிக்கை அதிகம். அதில் தவறு சொல்வதற்கில்லை. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு முன்னால் சிலையாய் நிற்கும் டாக்டர் ரங்காச்சாரியைப் பற்றி நம் தாத்தாமார்கள் கதை கதையாகச் சொல்வார்கள். நோயாளிகளைப் பார்க்கச் சொந்த ஆகாய விமானத்தை ஓட்டிக்கொண்டு போன மனிதர் அவர். 1934-இல் அவர் காலமானபோது சென்னையே கலங்கிற்று. கத்தியை எடுத்து, நறுக்க வேண்டியதை நறுக்கி, தைக்க வேண்டியதைத் தைத்து, "பிழைத்தான் போ" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும் வைத்தியத்துக்கு ஒரு ரங்காச்சாரி போதும். மாந்தோப்புக் காவல்காரருக்கோ நறுக்கவும் தைக்கவும் ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்கு இருபத்துநாலு மணி நேரம், ஒரு நிமிஷத்துக்குப் பதினைந்து மூச்சு வீதம், ஒரு மூச்சும் தவறாமல் பத்து நாள் காக்க வேண்டும். எவ்வளவு பெரிய டாக்டரும் பத்து நாள் கண் விழிக்க முடியாது. இங்கே கைராசி பயன்படாது, கைகள் வேண்டும்.

இந்த உண்மை உலகத்துக்குத் தெரிய வந்த கதை சுவாரஸ்யமானது. 1952-ஆம் வருஷம் டென்மார்க் தேசத்துத் தலைநகரமான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பயங்கரமாகப் பரவிற்று. பிளெக்தாம் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் மூச்சுத் திணறிக் கொத்துக் கொத்தாக வந்து சேர்ந்தார்கள். உடம்பைப் பெட்டிக்குள் வைத்து மூச்சு வாங்கச் செய்யும் இரும்பு யந்திரம் அங்கே ஒன்றே ஒன்றுதான். மார்பில் கவசம்போல் மாட்டும் சிறு யந்திரங்கள் ஆறு. சுவாசம் பாதிக்கப்பட்டு முதலில் வந்த 31 பேரில் 27 பேர் மூன்று நாட்களுக்குள் இறந்துபோனார்கள். தலைமை வைத்தியரான லாசென் செய்வதறியாமல் நின்றார். அவருடைய உதவி டாக்டர் ஒருவர், "மயக்க மருந்து கொடுக்கும் இப்ஸெனைக் கேட்டுப் பார்க்கலாமே" என்றார். அந்தக் காலத்தில் மயக்க மருந்து டாக்டருக்கு ஆபரேஷன் அறையை விட்டால் வேறு இடத்தில் ஜோலி கிடையாது. ஆயினும் லாசென் தம் பெருமையை ஒரு பக்கம் வைத்துவிட்டு ஆள் அனுப்பினார். இந்தக் கதையில் நமக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

இப்ஸென் வந்து பார்த்துவிட்டு, இந்தக் குழந்தைகள் சாவது மூளைக்கு வந்த நோயினால் அல்ல, கரியமில வாயு வெளியேறாமல் இரத்தத்தில் தேங்குவதனால்தான் என்றார். ஆகஸ்டு மாதம் 27-ஆம் தேதி பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிப் பிராணவாயு செலுத்தினார். நீலம் பாரித்துக் கிடந்த குழந்தை பிழைத்தாள். அந்த ஒரு குழந்தையோடு விஷயம் முடிந்துவிடவில்லை. ஒரே சமயத்தில் எழுபது பேர் வரையில் அந்த நிலையில் கிடந்தார்கள். பையை யார் அமுக்குவது? மருத்துவக் கல்லூரி மாணவர்களை அழைத்தார்கள். ஏறக்குறைய 1,500 மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு குழந்தைகளின் தலைமாட்டில் உட்கார்ந்து, மொத்தம் 1,65,000 மணி நேரம் பையை அமுக்கினார்கள்! ரசாயன சாலையிலிருந்து ஆஸ்ட்ரப் என்பவர் இரத்தத்தைச் சோதித்து மூச்சு போதுமா, போதாதா என்று அவ்வப்போது சொல்லிக்கொண்டிருந்தார். நர்ஸுகள் சளியை உறிஞ்சி எடுத்தார்கள். புரட்டிப் படுக்க வைத்தார்கள். நூற்றுக்கு எண்பதுக்கு மேல் இருந்த மரணம் பாதிக்குக் கீழே இறங்கிற்று. பிற்பாடு இன்னும் இறங்கிற்று. அடுத்த வருஷம் டிசம்பரில் இப்ஸென் அந்த நகரத்தின் வேறோர் ஆஸ்பத்திரியில், கடுமையான நோயாளிகளை ஒரே கூடத்தில் வைத்து இரவு பகல் பார்த்துக்கொள்ளும் பிரிவைத் திறந்தார். உலகத்தின் முதல் ஐ.சி.யு. அதுவே என்று கொண்டாடுகிறார்கள்.

யந்திரங்கள் பிறகுதான் வந்தன. ஐ.சி.யு. என்றவுடன் பளபளக்கும் திரைகளும் கீச்சுக் கீச்சென்று கத்தும் பெட்டிகளும் நினைவுக்கு வருகிறவர்கள், முதல் ஐ.சி.யு.வில் யந்திரத்தின் ஸ்தானத்தில் மனிதர்களே இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

நம் காவல்காரரிடம் திரும்புவோம். இப்போது பையை அமுக்குவதற்கு யந்திரம் இருக்கிறது. ஆயினும் யந்திரத்துக்குத் தெரியாத காரியங்கள் அநேகம். இரண்டு மணிக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வரும். தலைமாட்டை முப்பது பாகைக்குமேல் உயர்த்தாவிட்டால் வயிற்றில் உள்ளது நுரையீரலுக்கு ஏறிவிடும். வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். மூடாத கண் உலர்ந்து பார்வை போய்விடாமல் மருந்திட்டு மூடி வைக்க வேண்டும். மூக்குக் குழாய் வழியே ஆகாரம் போக வேண்டும். எவ்வளவு போகலாம் என்பதை ஆகார நிபுணர் சொல்ல வேண்டும். அசையாத காலில் இரத்தம் கட்டிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். உடற்பயிற்சி நிபுணர் நெஞ்சைத் தட்டிச் சளியை இளக்க வேண்டும். கை கால் மூட்டுகளை மடக்கி நீட்ட வேண்டும். தரையையும் கட்டில் கம்பியையும் மருந்துத் தண்ணீரால் துடைக்கும் அம்மாள் ஒரு நாள் அசட்டையாக இருந்தால், மற்ற அத்தனை பேருடைய வேலையும் வீண். ஆம், அந்த அம்மாளையும் சேர்த்தே கணக்கிடுகிறோம்.

கட்டுவிரியன் கடித்தவர் விஷயத்தில் ஒரு விபரீதம் உண்டு. விஷம் முற்றியவருக்குக் கண்ணின் பாவை விரிந்து நின்றுவிடும். ஒளி காட்டினால் சுருங்காது. கிள்ளினால் அசைவில்லை. இருமல் இல்லை. அனுபவம் இல்லாதவர் பார்த்தால் "மூளை செத்துவிட்டது" என்று தீர்மானித்துவிடுவார். உண்மையிலோ அவர் உள்ளே விழித்துக்கொண்டிருக்கக்கூடும். சுற்றி நின்று பேசுவது அத்தனையும் காதில் விழும். "இனிமேல் பிரயோஜனம் இல்லை, யந்திரத்தை நிறுத்திவிடலாமா?" என்ற பேச்சும் விழும்! வாய் திறந்து "நான் இருக்கிறேன்" என்று சொல்ல மட்டும் முடியாது. பாம்பு கடித்த கதையைக் கேட்டு வைத்துக்கொண்ட ஒருவர், முதல் நாள் எப்படி இருந்தார் என்று அறிந்த ஒருவர், மூளையின் நிலையைச் சோதிக்கத் தெரிந்த ஒருவர், எல்லோரும் ஒரே இடத்தில் கூடிப் பேசினால்தான் இந்தத் தவறு நேராமல் இருக்கும்.

ஆகையால்தான் நல்ல நர்ஸ் ஒருத்தி இத்தகைய நோயாளியிடம் பேசிக்கொண்டே வேலை செய்கிறாள். "அண்ணே, இப்ப திருப்பிப் படுக்க வைக்கப் போறோம். விடிஞ்சு ஏழு மணி ஆகுது. உங்க வீட்டு அக்கா வெளியிலதான் இருக்காக" என்கிறாள். பதில் வராது. பதில் வராத மனிதரிடம் ஏழு நாள் பேசுவதற்குக் கல்வி மட்டும் போதாது.

இனி, நம் சொந்த அனுபவத்தைச் சொல்லிவிடுகிறோம். சில வருஷங்களுக்கு முன் நம் சிற்றப்பா ஓர் ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஊரும் பேரும் வேண்டாம். பெரிய பெரிய டாக்டர்களாக ஐந்து பேர் அவரைப் பார்த்தார்கள். இதய டாக்டர் காலையில் வந்து, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, நீரை இறக்குங்கள் என்று எழுதிவிட்டுப் போனார். மூத்திரகோச டாக்டர் சாயங்காலம் வந்து, சிறுநீர் குறைந்துவிட்டது, நீரை ஏற்றுங்கள் என்று எழுதிவிட்டுப் போனார். இருவரும் ஒருவரையொருவர் சந்திக்கவே இல்லை. இருவருடைய கையெழுத்தும் ஒரே காகிதத்தில் அடுத்தடுத்து இருந்தன. அவ்வளவுதான் அவர்களுக்குள் உறவு. இரவு வேலைக்கு வந்த இளம் நர்ஸ் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டுத் திகைத்தாள். யாரையாவது போனில் எழுப்பிக் கேட்கலாம். ஆனால் கேட்டால் கோபித்துக்கொள்வார்களே என்ற பயம். விடிகிற வரையில் இரண்டையும் செய்யாமல் இருந்தாள். விடிந்தபோது சிற்றப்பாவுக்கு மூச்சுத் திணறல் அதிகமாகியிருந்தது. அவர் பிழைக்கவில்லை. அந்த ஓர் இரவினால்தான் அவர் போனார் என்று நாம் சொல்லவில்லை. அவருக்கு வயது எழுபத்தாறு. ஆனால் வெளியே பாயில் உட்கார்ந்திருந்த நம்மிடம் ஐந்து டாக்டர்களும் ஐந்து விதமாகச் சொன்னார்களே, அது இன்னும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. ஐந்து பேர் வைத்தியம் பார்ப்பது வேறு. ஐந்து பேர் சேர்ந்து வைத்தியம் பார்ப்பது வேறு.

சேர்ந்து பார்ப்பது என்றால் என்ன? காலையில் ஒரு குறிப்பிட்ட வேளையில், அந்தப் பிரிவுக்குப் பொறுப்பான டாக்டர், மற்ற டாக்டர்கள், நர்ஸ், மருந்தாளர், உடற்பயிற்சி நிபுணர், ஆகாரம் பார்ப்பவர் எல்லோரும் ஒவ்வொரு கட்டிலாகப் போய் நிற்கிறார்கள். முதலில் பேசுவது இரவெல்லாம் கூட இருந்த நர்ஸ். பிறகு ஒவ்வொருவரும் தம் பங்கைச் சொல்கிறார்கள். "இன்றைக்கு இவருக்கு என்ன செய்யப்போகிறோம்?" என்ற கேள்விக்கு ஒரே பதில் முடிவாகி, எழுதப்பட்ட பிறகே அடுத்த கட்டிலுக்கு நகர்கிறார்கள். பிரஸ்ஸல்ஸ் நகரத்து வின்சென்ட் என்ற டாக்டர், தினமும் ஒவ்வொரு நோயாளிக்கும் மறக்காமல் கேட்க வேண்டிய ஏழு கேள்விகளை 2005-இல் தொகுத்துக் கொடுத்தார்: ஆகாரம் போகிறதா? வலி இருக்கிறதா? மயக்க மருந்து அளவோடு இருக்கிறதா? இரத்தம் கட்டாமல் இருக்க ஏற்பாடு உண்டா? தலைமாடு உயர்ந்திருக்கிறதா? வயிற்றுப் புண்ணுக்குத் தடுப்பு? சர்க்கரை எவ்வளவு? ஆங்கிலத்தில் இவற்றின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் "இறுக்கி அணைத்துக்கொள்" என்று பொருள்படும்படி அமைத்திருக்கிறார். டாக்டர்களுக்கும் ரஸிகத்தன்மை உண்டு!

இதைவிடப் பெரிய புரட்சி அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் 2001-இல் நடந்தது. கழுத்திலோ தோளடியிலோ பெரிய இரத்தக் குழாயில் ஊசிக் குழாய் செலுத்தும்போது கிருமி புகுந்து நோயாளிகள் மடிவது சகஜமாயிருந்தது. பீட்டர் ப்ரோனவோஸ்ட் என்ற டாக்டர் ஐந்தே ஐந்து காரியங்களை ஒரு காகிதத்தில் எழுதினார். கையைக் கழுவு, தோலை மருந்தால் துடை, நோயாளியை முழுவதும் மூடு, முகமூடியும் சுத்தமான அங்கியும் அணி, குழாய் வைத்த இடத்தைக் கட்டு. இதில் என்ன அதிசயம், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியுமே என்று தோன்றும். நர்ஸுகளை ஒரு மாதம் கவனிக்கச் சொன்னார். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் டாக்டர்கள் ஏதாவது ஒரு படியை விட்டுவிட்டது தெரிந்தது! அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் புரட்சி. டாக்டர் ஒரு படியைத் தாண்டினால், "நிறுத்துங்கள்" என்று சொல்ல நர்ஸுக்கு அதிகாரம் கொடுத்தார். நிர்வாகத்தையும் அதற்குப் பின்னால் நிற்கச் செய்தார். பிறகு மிச்சிகன் மாகாணத்தில் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இந்த முறை கையாளப்பட்டது. இத்தகைய நோய்த் தொற்று, ஆயிரம் குழாய்-நாட்களுக்கு 2.7 என்ற நடு அளவிலிருந்து மூன்று மாதத்தில் பூஜ்யத்துக்கு இறங்கியதாக 2006-இல் பிரசுரித்தார்கள். நம் தேசத்துப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த டாக்டர் அதுல் கவாண்டே இதைப் பற்றி எழுதிய பிறகு உலகமெங்கும் பேச்சாயிற்று.

நம் நாட்டில் ஒரு நர்ஸ் பெரிய டாக்டரைப் பார்த்து "நிறுத்துங்கள், ஸார்" என்று சொல்லும் காட்சியை நேயர்கள் கற்பனை செய்து பார்க்கட்டும். நமக்குச் சுயராஜ்யம் வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிக் கூடத்துக்குள் அது இன்னும் முழுவதும் வந்து சேரவில்லை என்று சொன்னால் டாக்டர் நண்பர்கள் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

காகிதம் மட்டும் இருந்தால் போதும் என்றும் எண்ணிவிடக் கூடாது. பிரேஸில் தேசத்தில் 118 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் தினசரிக் கேள்விப் பட்டியலையும், அன்றன்றைய இலக்கு எழுதுவதையும் புகுத்திப் பார்த்தார்கள். 2016-இல் முடிவு வெளியாயிற்று. சில நல்ல பழக்கங்கள் வளர்ந்தன. ஆனால் மரணம் குறையவில்லை. பட்டியலில் "சரி" என்று கோடு போடுவது சுலபம். கூட்டாகச் சிந்திப்பது சுலபமல்ல. கூட்டாகச் சிந்திக்கும் இடங்களில் கிடைக்கும் பலனுக்கு ஒரு சிறு அத்தாட்சி: மயக்க மருந்தைத் தினமும் ஒரு தடவை நிறுத்தி நோயாளியை எழுப்பிப் பார்த்தால், செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் நாள் 7.3-இலிருந்து 4.9 ஆகக் குறைகிறது என்று சிகாகோவில் 2000-ஆம் வருஷம் கண்டார்கள். எழுப்பும்போது நோயாளி திமிறுவார், குழாயைப் பிடுங்குவார். பக்கத்தில் நர்ஸும், சுவாச யந்திரம் தெரிந்தவரும், டாக்டரும் ஒரே நேரத்தில் நிற்காவிட்டால் அது நடக்கிற காரியமா?

இவ்வளவுக்கும் அடிப்படை, போதுமான ஆட்கள். செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் நோயாளி ஒருவருக்கு எந்நேரமும் நர்ஸ் ஒருவர் என்பது அங்கீகரிக்கப்பட்ட அளவு. ஒரு கட்டிலுக்கு ஒருவர் என்றால், மூன்று முறையும் வாராந்தர விடுமுறையும் சேர்த்தால் ஒரு கட்டிலுக்கு ஐந்து பேர் ஆகிறது. யந்திரத்தை ஒரே நாளில் வாங்கிப் போட்டுவிடலாம். 2020, 2021 வருஷங்களில் கொரோனாக் கொள்ளை நோயின்போது நம் ஜில்லா ஆஸ்பத்திரிகளிலெல்லாம் யந்திரங்களும் பிராணவாயுக் குழாய்களும் வந்து இறங்கின. பழகிய நர்ஸை அப்படி இறக்க முடியாது. அவர்களில் பலர் தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்டு, பணி நிரந்தரம் கேட்டு வருஷக்கணக்காகப் போராடி வந்திருக்கிறார்கள். நாளைக்கு வேலை இருக்குமோ இராதோ என்று இருப்பவள் பெரிய டாக்டரை "நிறுத்துங்கள்" என்று எப்படிச் சொல்வாள்? இது சர்க்கார் யோசிக்க வேண்டிய விஷயம்.

கம்பம் பள்ளத்தாக்குக்கு இது தூரத்து விவகாரமன்று. 2018 மார்ச்சு 11-ஆம் தேதி போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத் தீ சூழ்ந்தபோது, வெந்த உடம்போடு இறக்கப்பட்ட வாலிபர்களையும் பெண்களையும் போடி, தேனி, மதுரை ஆஸ்பத்திரிகள் ஏந்திக்கொண்டன. இருபதுக்கு மேற்பட்டவர்கள் பிழைக்கவில்லை. தீக்காயமோ, கொடைக்கானல் மலைப்பாதையிலும் குமுளி ரஸ்தாவிலும் நடக்கும் வண்டி விபத்தோ, பூச்சி மருந்தோ, பாம்போ, எதுவானாலும் கடைசியில் அந்த ஒரே கதவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. பாம்புக்கடியால் மட்டும் இந்தியாவில் வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்று 2000 முதல் 2019 வரையிலான கணக்கை ஆராய்ந்தவர்கள் மதிப்பிட்டார்கள். 2024-இல் தமிழ் நாட்டு அரசாங்கம் பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

இனிக் கதவுக்கு வெளியே நிற்கிறவளைக் கவனிப்போம். கூட்டு வைத்தியத்தில் குடும்பத்தாரும் ஓர் அங்கம் என்று இப்போது ஒப்புக்கொள்கிறார்கள். வீட்டுக்காரிக்குத் தெரிந்தது வேறு யாருக்குத் தெரியும்? அவர் தரையில் படுத்திருந்தார் என்பதையும், இமை மூடுவதற்கு முன் வயிறு வலித்தது என்பதையும் அவள்தானே சொன்னாள்? பாம்பு என்ற எண்ணமே முதலில் அதனால்தானே வந்தது? நல்ல பிரிவில், தினமும் ஒரே வேளையில், டாக்டரும் நர்ஸும் சேர்ந்து அவளை அழைத்து உட்கார வைத்து, ஒரே வார்த்தையாக நிலைமையைச் சொல்கிறார்கள். பிறகு கையைக் கழுவச் செய்து, ஐந்து நிமிஷம் உள்ளே விடுகிறார்கள்.

நாலாவது நாள் அவள் கேட்கிறாள்:

"என்னா ஸிஸ்டர், அவுகளுக்குக் காது கேக்குமா?"

"கேக்கும் அக்கா. பேசுங்க. அழுகாம பேசுங்க."

"என்னத்தப் பேச?"

"தோப்புல காய் எறக்கியாச்சா, மழை பெஞ்சுச்சா, அதச் சொல்லுங்க."

அவள் சொல்கிறாள். கல்லாமை மரத்தில் பாதி இறக்கியாயிற்று. காசாலட்டு இன்னும் பழுக்கவில்லை. தம்பி காவலுக்குப் போகிறான். கயிற்றுக் கட்டில் ஒன்றும் கொசு வலையும் வாங்கிப் போட்டிருக்கிறது. இனிமேல் யாரும் தரையில் படுக்கக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். கட்டிலில் கிடப்பவரிடம் அசைவில்லை. ஆனால் ஆறாவது நாள் காலை, இரவு நர்ஸ் தன் முறையை முடித்துக் காலை நர்ஸிடம் ஒப்படைக்கும்போது, "வலது கால் கட்டை விரல் ரெண்டு தடவை அசைஞ்சுச்சு, நான் பார்த்தேன்" என்று சொல்கிறாள். காகிதத்தில் எழுதுகிறாள். காலைச் சுற்றில் டாக்டர் அதை வாசித்துவிட்டுத் தாமே குனிந்து, "விரலை அசையுங்கள்" என்கிறார். விரல் அசைகிறது.

அதற்குப் பிறகு காரியம் துரிதம். இமை திறக்கிறது, தலையைத் தூக்குகிறார், யந்திரத்தின் உதவியை அரை மணி, ஒரு மணி என்று குறைக்கிறார்கள், குழாயை எடுத்ததும் தொண்டை கரகரக்கக் காப்பி கேட்கிறார். நரம்பு தளிர்த்துவிட்டால் கட்டுவிரியன் ஒரு சுவடும் வைப்பதில்லை. இடையில் மூளைக்குப் பிராணவாயு குறையாமல் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போய் இரண்டு வாரம் கழித்து அவர் ஒரு கூடை மாம்பழத்தோடு திரும்பி வருகிறார். "பெரிய டாக்டருக்கு" என்று கதவருகே நின்று சொல்கிறார். எந்த டாக்டர் என்று கேட்கிறார்கள். அவருக்கு முகம் எதுவும் தெரியாது, குரல்கள்தாம் தெரியும். திருப்பிப் படுக்க வைத்த குரல், மணி சொன்ன குரல், நெஞ்சைத் தட்டிய குரல், விடியற்காலையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தரை துடைத்த குரல். ஒவ்வொருவராய் வந்து எடுத்துக்கொள்கிறார்கள். கூடை காலியான பிறகும் ஆள் மிச்சம் இருக்கிறது. சாயங்கால முறைக்காரர்கள் இன்னும் வரவேயில்லை.